பச்சை பிடித்தது

ஒரு பேச்சை யார் பேசியது என்பதில் எனக்கு இன்னமும் உறுதியில்லை. மாதம், மழை, மரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த எண் எல்லாம் ஓரளவு சரியாகவே நினைவிருக்கின்றன. அந்தப் பேச்சு மட்டும் நழுவுகிறது. இராஜாங்கம் இந்தக் கதையை என்னிடம் இரண்டு முறை சொன்னார். முதல் முறை அதைப் பேசியது அவர் மனைவி காத்தாயி. இரண்டாம் முறை அந்த இடம் வந்ததும் நிறுத்தி, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டார். ஆகவே நானும் யார் பெயரையும் போடாமல் எழுதுகிறேன்.

"பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம், காய்ச்சல்தானே."

அவ்வளவுதான் அந்தப் பேச்சு. திருச்சியில் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் தமிழ்நிலா காய்ச்சலோடு பொங்கலுக்கு வந்தாள். பொங்கல் கழிந்தது. மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி பல் ஈறில் ரத்தம் கசிந்தபோதுதான் ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். தை ஆறாம் தேதி அவள் இறந்தாள். இருபது வயது, ஒரே பிள்ளை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. காத்தாயி தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள். "நாந்தான் போக வேணாம்னேன்" என்பாள். இராஜாங்கம் ஆமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

வயல் அவருக்கு ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். மகன் காலத்தில் சொந்தமாயிற்று. ஆனால் ஊரில் இராஜாங்கத்துக்கு மரியாதை வந்தது நிலத்தால் அல்ல, தண்ணீரால்தான். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நின்றால், எந்தத் துண்டில் எத்தனை விரற்கடை நிற்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். நடவு முடிந்த வயலுக்கு முதல் தண்ணீர் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். 'தண்ணி இராஜாங்கம்' என்றால் பாபநாசம் வரைக்கும் தெரியும்.

அவருடைய வயலை ஒட்டிச் சாலையோரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. நடவுக்கு வருகிற பெண்கள் கைக்குழந்தைகளை அந்த மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். வயல் பக்கம் நீண்டிருந்த ஒரு கிளையில்தான் எப்போதும் கட்டுவது. கயிறு உராய்ந்து உராய்ந்து அந்தக் கிளையில் விரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கடைசியாக அதில் ஆடிய பிள்ளை தமிழ்நிலா. அப்புறம் நடவுக்கு வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்களாகிவிட்டார்கள், தூளிக்குத் தேவையில்லாமல் போயிற்று.

மகள் போன அந்த வருஷம் ஆனியில் சாலையை அகலப்படுத்த அளந்தார்கள். மரத்தில் 27 என்று எழுதிவிட்டுப் போனார்கள். காத்தாயி அந்த எண்ணை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. மறுநாள் செங்கல்லால் தேய்த்தாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவன் வைரக்கண்ணு, காத்தாயியின் சித்தப்பா மகன். "மச்சான், அக்கா பட்டையை உரிச்சுக்கிட்டு நிக்குது. வெட்டுறவனுக்கு வேலை மிச்சம்" என்று கேலியாக ஆரம்பித்தவன், இராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். "அதிராம்பட்டினத்துல ஒரு பொண்ணு இருக்காம். மரத்தை வேரோட பேத்து வேற எடத்துல வைக்கிதாம். கேட்டுப் பாப்பமா?"

நுஸைபா ஆவணி மாதம் வந்தாள். முப்பது வயதிருக்கும். தாவரவியல் படித்தவள். கஜா புயலில் அவர்கள் தோப்பில் இருநூறு தென்னை விழுந்தபோது, பாதி வேர் மண்ணில் இருந்தவற்றைத் தூக்கி நிறுத்திப் பழகியதில் இந்த வேலை அவளிடம் ஒட்டிக்கொண்டது. மரத்தைச் சுற்றி வந்து, மண்ணைக் கிள்ளி உருட்டிப் பார்த்து, "எங்கய்யா வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

இராஜாங்கம் தன் வயலின் கீழண்டை மூலையைக் காட்டினார்.

"பள்ளமா இருக்கே. களிமண் வேற. மேடா எடம் இல்லியா?"

"இருக்கறது இதாம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். மணல் அடித்து மேடு போட்டுத் தருவதாகச் சொன்னாள்.

மரத்தைச் சுற்றி அகழி போலத் தோண்டி வேர்களை அறுத்தார்கள். மண்ணோடு சேர்த்து அடியைச் சாக்கில் வைத்துத் தைத்தார்கள். பிறகு ஏணி போட்டுக் கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தார்கள். காத்தாயி அதுவரை ஓரமாக நின்றவள், கிளை விழும் சத்தம் கேட்டதும் ஓடிவந்தாள்.

"எதுக்குப் பாப்பா மொட்டையடிக்கிறீங்க? நல்லாத்தானே இருக்கு!"

"இலை இருந்தா பொழைக்காதும்மா" என்றாள் நுஸைபா. "ஒவ்வொரு இலைலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்கு. அது வழியா நாள் முழுக்கத் தண்ணி ஆவியாப் போய்க்கிட்டே இருக்கும். போறதைக் கீழேருந்து வேர் இழுத்துக் குடுக்கும். அதுவும் இந்தத் தடி வேர் இல்ல, நுனியில முடி மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் குடிக்கும். அதெல்லாம் அறுபட்டு ரோட்டுக்கு அடியிலயே நின்னுபோச்சு. குடிக்க வாய் இல்லாம செலவு மட்டும் இருந்தா மரம் என்ன பண்ணும்?"

"அட, இது நம்ம நாத்து சமாச்சாரம்தான் காத்தாயி" என்றார் இராஜாங்கம். "நாத்து முத்திப்போச்சுன்னா நுனியைக் கிள்ளிட்டு நடுறதில்லையா? அதேதான்."

நுஸைபா சிரித்தாள். "அதேதான்யா. எங்க கடற்கரையில சவுக்கு இருக்கே, அது இன்னும் கெட்டிக்காரத்தனம். இலையையே செதிலாச் சுருக்கிக்கிட்டு ஊசி ஊசியா நிக்கும். காத்து எவ்வளவு அடிச்சாலும் அதுக்கிட்டேருந்து தண்ணியைப் பிடுங்க முடியாது. வேம்புக்கு அது தெரியாது. நாமதான் குறைச்சு விடணும்."

காத்தாயிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஒரு கொம்பை மட்டும் விட்டுருங்க தாயி" என்றாள். "எம்புள்ள கிடந்த கொம்பு."

"அந்தக் கொம்பு ஒண்ணே மரத்துத் தண்ணியை எல்லாம் குடிச்சிரும்மா."

மரத்தைத் தூக்க வந்திருந்த கிரேன்காரன் பீடியைக் காலில் போட்டு அணைத்தான். நுஸைபா கிளையையும், காத்தாயியின் கையையும் பார்த்தாள். அந்தக் கை தன்னையறியாமல் காற்றில் எதையோ ஆட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நுஸைபாவே ஏணியில் ஏறினாள். கயிற்றுத் தடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிளையை அறுத்து, இலைகளைக் கையாலேயே உருவி, நுனியில் ஒரு கொத்தை மட்டும் விட்டுவிட்டு இறங்கினாள். வெட்டுவாய்களில் சாணம் பூசிச் சாக்கு கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் மரம் மூலை மேட்டில் நின்றது.

போகும்போது நுஸைபா இராஜாங்கத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வாரத்துக்கு ரெண்டு தடவை நாலு குடம் போதும். சாக்கு ஈரமா இருந்தாச் சரி. தண்ணி மட்டும் கட்டி நிக்கக் கூடாதுய்யா. மேட்டைக் கலைச்சிராதீங்க."

வைரக்கண்ணுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க மச்சானுக்கே தண்ணி பாடமா? காவேரியே இவரைக் கேட்டுத்தான் திரும்பும்!"

எல்லோரும் சிரித்தார்கள். இராஜாங்கமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு உள்ளே எங்கோ குத்தியதாகப் பின்னால் சொன்னார்.

மூன்றாம் நாள் வெயில் கடுமையாக இருந்தது. மணல் மேட்டில் ஊற்றிய நாலு குடமும் ஊற்றிய வேகத்தில் காணாமல் போனதை இராஜாங்கம் பார்த்தார். பெரிய மரம், வேர் அறுந்த மரம், நாலு குடம் எந்த மூலைக்கு? பக்கத்தில் சம்பா நாற்றங்காலில் தண்ணீர் பளபளவென்று நின்றது. மண்வெட்டியை எடுத்தார். மேட்டைச் சரித்து, அந்த மண்ணையே சுற்றிலும் வரப்பாக அணைத்தார். வாய்க்காலிலிருந்து ஒரு சின்ன மடை வெட்டிவிட்டார். மரத்தின் காலடியில் நாலு விரற்கடை தண்ணீர் ஏறி நின்றதும் மடையை அடைத்துவிட்டு, கை கழுவி, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

புரட்டாசி பாதியில் மரம் துளிர்த்தது. வெட்டுவாய்களைச் சுற்றித் தாமிர நிறத்தில் பொடிப் பொடியாக இலைகள் வந்தன. முதலில் பார்த்தவள் காத்தாயி. வயலிலிருந்தே, "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். மகள் போன பிறகு அவள் குரல் அவ்வளவு உயர்ந்தது அன்றைக்குத்தான்.

இராஜாங்கம் டீக்கடையில் போய்ச் சொன்னார். "பச்சை பிடிச்சிருச்சு."

நடவு ஊரில் அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளுத்துச் சாயும். ஏழெட்டு நாளில் நிமிர்ந்து பச்சை பிடித்துவிட்டால், கீழே புது வேர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு யாரும் அதைத் தோண்டிப் பார்ப்பதில்லை. இராஜாங்கம் தன் ஆயுளில் எத்தனையோ ஆயிரம் தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. மரம் அப்படியல்ல, வேரே இல்லாமலும் தண்டுக்குள் சேர்த்துவைத்த ஈரத்தைக் கொண்டு ஒரு முறை துளிர்த்துக் காட்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

காத்தாயி அன்று சாயங்காலம் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டாள். ராத்திரிச் சோற்றுக்கு மோர்மிளகாய் பொரித்தாள். சாப்பிடும்போது, "நிலா தூளியில கிடக்கையில இப்படித்தான், ஒரு இலை விழுந்தாக் கையை நீட்டும்" என்றாள். மகளைப் பற்றி அழாமல் பேசினாள். இராஜாங்கம் தட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் பகல் வேளையில் துளிர்கள் தொங்கத் தொடங்கின. காலடியில் தண்ணீர் நிற்க, மேலே இலை தாகத்தில் வாடியது. இராஜாங்கத்துக்குப் புரியவில்லை. வாடினால் தண்ணீர் விடுவதுதானே முறை? மடையை இன்னும் கொஞ்சம் திறந்தார். அதற்குள் மழையும் சேர்ந்துகொண்டது.

நுஸைபா போனில் கேட்டாள். "தண்ணி கட்டி நிக்குதாய்யா?"

"இல்லம்மா. நீங்க சொன்ன அளவுதான்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. போனை வைத்த பிறகு அது கையில் சுட்டது போலிருந்தது என்றார்.

கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில் இலைகள் கறுத்து, காம்போடு நின்றபடியே காய்ந்தன. காத்தாயி வைரக்கண்ணு வீட்டுக்குப் போயிருந்த ஒரு பகலில், இராஜாங்கம் தண்ணீரை வடித்துவிட்டு மரத்தடியைத் தோண்டினார். ஒரு முழம் இறங்குவதற்குள் அழுகல் நாற்றம் வந்தது. சாக்கு கூழாகியிருந்தது. கைக்குக் கிடைத்த வேரைப் பிடித்து இழுத்தார். கறுத்த தோல் உறை போலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நார் மட்டும் இருந்தது. புது வேர் ஒன்றுகூட இல்லை.

அப்படியே குந்தியிருந்தார். பிறகு எட்டிப் பக்கத்து வயலில் ஒரு நெற்பயிரைத் தூரோடு பிடுங்கினார். அதே தண்ணீர், அதே சேறு. அதன் வேர் வெள்ளை வெளேரென்று கொத்தாகத் தொங்கியது. தண்டை ஒடித்துப் பார்த்தார். உள்ளே சின்னச் சின்னக் குழல்கள். அந்தக் குழல் வழியாகத்தான் மேலிருந்து காற்று வேருக்கு இறங்குகிறது. அதனால்தான் நெல் தண்ணீருக்குள் மூச்சு விடுகிறது. வேப்ப வேருக்கு மண் இடுக்கில் இருக்கிற காற்றுதான். அதை அவர் தண்ணீரால் அடைத்துவிட்டார். ஐம்பது வருஷம் அந்தத் தண்டை ஒடித்து ஒடித்துப் போட்டிருக்கிறார். ஒரு நாளும் உள்ளே பார்த்ததில்லை.

மண்ணை மூடினார். வரப்பைக் கலைத்தார். மடையை அடைத்துப் புல்லோடு பெயர்த்த மண்கரணை வைத்து மிதித்தார். வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

காத்தாயி மறுநாள் போய்ப் பார்த்தாள். வெகுநேரம் நின்றாள். வீட்டுக்கு வந்து, "அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றாள். "கொம்பு ஒண்ணே எல்லாத் தண்ணியையும் குடிச்சிரும்னு. நாந்தான் கேக்கல." சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நிலாவையும் ஆஸ்பத்திரிக்குப் போக விடல. இந்தக் கொம்பையும் வெட்ட விடல. நான் கையை வச்சா இப்படித்தான்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியில் வைரக்கண்ணு யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. தண்ணி இராஜாங்கம் தண்ணீர் விட்டு மரத்தைக் கொன்றான் என்று நாளைக்கு இதே குரல் சொல்லும். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. பொங்கல் வந்தது. அவர்கள் பொங்கலிடவில்லை. தை ஆறாம் தேதி காத்தாயி மகளின் படத்துக்கு விளக்கேற்றினாள். இருவரும் அதன் முன் உட்கார்ந்திருந்தார்கள். திரி கருகி அணைந்த பிறகுதான் எழுந்தார்கள்.

அந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில் வைரக்கண்ணுவின் பேத்திக்குக் காது குத்து. மாமன் மடியில் உட்காராமல் பிள்ளை வீறிட்டது. வைரக்கண்ணுவின் மகள் கலைமகள் பிள்ளையைத் தூக்கிக் காத்தாயியிடம் நீட்டினாள். "அத்தை, நீங்க கொஞ்சம் வாங்குங்க. உங்ககிட்ட வந்தா அடங்கிரும்."

காத்தாயி இரண்டடி பின்வாங்கினாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வேணாம்டி. என் கை வேணாம். வேற யாராச்சும் வாங்குங்க."

"என்னத்தை, பிள்ளை கடிக்கவா போகுது?" என்று யாரோ சிரித்தார்கள். கலைமகள் சிரிக்கவில்லை. இராஜாங்கம் பந்தியிலிருந்து அதைப் பார்த்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "வா" என்றார். அறுவடைக்காகத் தண்ணீரை வடித்திருந்ததால் வயல் காய்ந்து வெடித்திருந்தது. காத்தாயி எதற்கென்று கேட்காமல் பின்னால் வந்தாள். மரத்தடியில் அவர் தோண்டினார். மூச்சு வாங்கியது. ஒரு வேரை அறுத்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"மோந்து பாரு."

அவள் முகர்ந்தாள். முகம் சுளித்தது.

"கொம்பால இல்ல. அழுகிப்போச்சு. நாந்தான் மேட்டை வெட்டித் தண்ணி கட்டுனேன். அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. போன்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

காத்தாயி வேரின் தோலை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றாள். சாலையில் ரோலர் வண்டி ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"கார்த்திகை பொறந்தப்ப."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "ரெண்டரை மாசம்" என்றாள். "ரெண்டரை மாசமா நான் சொல்லிச் சொல்லி அழறதைக் கேட்டுக்கிட்டுத்தான் சோறு தின்னீங்களா?"

இராஜாங்கம் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

அவள் வேரைக் குழிக்குள் போட்டாள். கிளையை, அந்தக் கயிற்றுத் தடத்தை, அண்ணாந்து பார்த்தாள். "அப்ப நிலா?" என்றாள். "அதுக்கும் நான் இல்லியா?"

"அதைத் தோண்டிப் பாக்க முடியாதே, காத்தாயி."

"தோண்ட வேணாம். நெனைச்சுப் பாருங்க. அன்னிக்கு அடுப்படியில நான் கஷாயம் காய்ச்சிக்கிட்டு நின்னேன். நீங்க வாசப்படியில உக்காந்து கரும்பு சீவிக்கிட்டிருந்தீங்க. பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்னு ஒரு கொரல் கேட்டுச்சு. நாந்தான் சொன்னேன்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்களும் இல்லேன்னு சொல்லல. அது என் கொரலா?"

இராஜாங்கம் நினைத்துப் பார்த்தார். கரும்பு நினைவுக்கு வந்தது. அரிவாள் நினைவுக்கு வந்தது. பாயில் படுத்திருந்த மகள், "அப்பா, கணு இல்லாத துண்டா குடுங்க" என்று கேட்டது வந்தது. அந்தக் குரல் மட்டும் வரவில்லை. யாருடையது என்று தெரியாத குரலாகவே அது நின்றது. இத்தனை நாளும் அதை அவள் பக்கம் தள்ளிவைத்திருந்ததால்தான் தன்னால் தூங்க முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது.

"தெரியல" என்றார்.

காத்தாயி தலையை ஆட்டினாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறி நடந்தாள். அவர் குழியை மூடிவிட்டு வருவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். தனக்கும் அவருக்கும் சோறு போட்டு வைத்திருந்தாள், தனித்தனித் தட்டில், தனித்தனி இடத்தில்.

மரத்தைப் பங்குனியில் வெட்டினார்கள். தூளிக் கிளையும் மற்ற விறகோடு போயிற்று. காத்தாயி அதைக் கேட்கவில்லை. இராஜாங்கம் டீக்கடையில் நடந்ததைத் தானே சொன்னார். வைரக்கண்ணு கேலி செய்யவில்லை, அதற்குப் பிறகு தன் வயலுக்குத் தண்ணீர் கட்டத் தானே போகிறான். நுஸைபாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னபோது அவள் பரவாயில்லைய்யா என்றாள். அந்த வருஷம் அவள் பெயர்த்து வைத்த ஏழு மரங்களில் நாலு உயிரோடு இருக்கின்றன. காத்தாயி அடுத்த குறுவைக்கு நடவுக்குப் போனாள். கலைமகளின் பெண்ணுக்கு இப்போது மூன்று வயது, காத்தாயியின் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. இராஜாங்கமும் காத்தாயியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். தேவையானதைப் பேசிக்கொள்கிறார்கள். சாலை போட்டு முடிந்துவிட்டது. மரம் நின்ற மூலையை வயலோடு சேர்த்து உழுதுவிட்டார்கள், அங்கே இப்போது நெல் விளைகிறது.